சிசிஎன்ஏ பரீட்சையை எந்த ஆண்டில் எழுதுவது? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கொக்குவிலைச் சேர்ந்த ஒரு தம்பி 2022 ஓகஸ்டில் சிசிஎன்ஏ பரீட்சையில் சித்தியடைந்தார். நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் தருகிற, மூன்று ஆண்டு செல்லுபடியாகும் சான்றிதழ் அது. 2025 ஓகஸ்டில் அந்தச் சான்றிதழ் காலாவதியானது. நடுவில் இருந்த மூன்று ஆண்டும் அவர் யாழ்ப்பாணத்திலேயே நெட்வொர்க் வேலை செய்தார். சான்றிதழைக் காட்டும்படி ஒருவரும் கேட்கவில்லை. காலாவதியாகிச் சில வாரங்களில், கட்டாருக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒருவர்தான் முதன்முதலாகக் கேட்டார். "சிசிஎன்ஏ இருக்கு, ஆனா திகதி முடிஞ்சுது" என்று இவர் சொல்ல, படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

சாவகச்சேரியைச் சேர்ந்த இன்னொருவர் அதே பரீட்சையை 2025 தொடக்கத்தில் எழுதினார். சில மாதங்களில் கொழும்பில் வேலை கிடைத்தது. இருவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். ஒரே கோளாறை ஒன்றாக நின்று தீர்த்தவர்கள். பாடத்தில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் நான் கொக்குவில் தம்பியைத்தான் சொல்வேன்.

பெயர்களையும் நிறுவனங்களையும் விட்டுவிட்டு இருவரையும் ஊர்ப்பெயராலேயே குறிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நெட்வொர்க்கிங் படிப்பை எப்போது படித்தாலும் அது வீண்போகாது. பரீட்சைக்குக் கட்டும் டொலர் மட்டும் ஆண்டு பார்த்துக் கட்ட வேண்டியது.

டொலர் ஏறிய ஆண்டு

கொக்குவில் தம்பி உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்தவர். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்ததில் பல்கலைக்கழகம் கைநழுவியது. பட்டணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் 'சிசிஎன்ஏ பாடநெறி' என்று விளம்பரம் கண்டு சேர்ந்தார். முடிவில் அழகான சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் சிசிஎன்ஏ என்று பெரிய எழுத்தில் இருந்தது. வீட்டில் எல்லோரும் பிள்ளை சிசிஎன்ஏ முடித்துவிட்டான் என்றே நினைத்தார்கள்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாடநெறியை முடித்ததற்கான சான்றிதழ் வேறு, சிசிஎன்ஏ வேறு. முன்னையதை வகுப்பு நடத்தியவர் தருகிறார். பின்னையதை சிஸ்கோ தருகிறது, அதுவும் பியர்சன் வியூ என்ற பரீட்சை நிறுவனம் நடத்தும், 200-301 என்ற இலக்கமுள்ள பரீட்சையில் சித்தியடைந்தவருக்கு மட்டும். சிஸ்கோவின் சொந்த நெட்வொர்க்கிங் அக்கடமியில் மூன்று பாடநெறிகளையும் முடித்தால்கூட அது சிசிஎன்ஏ ஆகாது. (ஆனால் மூன்றாவது பாடநெறியில் நல்ல புள்ளி எடுத்தால் பரீட்சைக் கட்டணத்தில் கழிவுக் குறியீடு தருவார்கள். இதை விசாரிக்காமல் முழுக்கட்டணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.) உண்மையான சிசிஎன்ஏ என்றால் கிரெட்லி என்ற சான்றிதழ்த் தளத்தில் ஓர் இலத்திரனியல் சின்னம் இருக்கும், அதில் முடிவுத் திகதியும் இருக்கும். கொழும்பில் ஆள் எடுப்பவர்கள் சட்டம் போட்ட கடதாசியைப் பார்ப்பதில்லை, அந்த இணைப்பைத்தான் சொடுக்கிப் பார்க்கிறார்கள்.

சரி, தம்பி உண்மைப் பரீட்சையை எழுதத் தீர்மானித்த நேரம்தான் சனி பிடித்த நேரம். கட்டணம் 300 டொலர். 2021இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக நின்றபோது அது 60,000 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். ஓகஸ்டில் டொலர் 360ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. அதே பரீட்சை, அதே கேள்விகள், 108,000 ரூபாய். கடைசியில் கனடாவிலுள்ள மாமா தன் அட்டையில் கட்டினார். யாழ்ப்பாணத்தில் பாதிப் படிப்பு இப்படித்தான் நடக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் இருந்தது. கமராவில் கண்காணித்துக்கொண்டே பரீட்சை வைப்பார்கள். ஆனால் அந்த ஆண்டு மின்வெட்டு எப்போது வரும் என்று மின்சார சபைக்கே தெரியாது. நடுவில் இணைப்பு அறுந்தால் பரீட்சையை இரத்துச் செய்யவும் கூடும். ஆகவே இரவு பஸ்ஸில் கொழும்பு போய் எழுதினார். 120 நிமிடம். ஒரு கேள்விக்கு விடை கொடுத்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது. நம்முடைய பரீட்சைப் பழக்கத்துக்கு, அதாவது தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு மற்றதுக்குத் திரும்பி வருகிற பழக்கத்துக்கு, இது முற்றிலும் எதிர். அதற்கென்றே நேரம் வைத்துப் பழகியிருந்தார். நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே அமைத்துப் பழகும் பக்கெட் ட்ரேசர் மென்பொருளில் லப்டொப் பற்றரி இறங்கும் வரை வலையைச் சிறு வலைகளாக (சப்நெட்) பிரிப்பதும் அவற்றுக்கிடையே வழி (ரவுட்டிங்) போடுவதுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். முதல் முறையிலேயே சித்தி.

பட்டணத்துக்கு வந்து, சிசிரிவியும் வைஃபையும் கைரேகை வரவுப் பதிவும் பூட்டிக்கொடுக்கும் ஒரு சிறிய கம்பனியில் வேலை கேட்டார். முதலாளி சான்றிதழை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"சேட்டிபிக்கற் நல்லது தம்பி. ஏணியில ஏறுவீரோ? மோட்டச்சைக்கிள் லைசன்ஸ் இருக்கோ?"

இரண்டுக்கும் ஆம் என்றார். வேலை கிடைத்தது. பரீட்சைக் கட்டணம் அங்கே இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கூட.

நல்லூர்த் திருவிழாவில் ஒரு கோளாறு

சான்றிதழ் கையில் என்ன தருகிறது, என்ன தரவில்லை என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் 2023 நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு தங்குமிடத்தில் நடந்த சம்பவம்.

திருவிழாவின் 25 நாளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது அரிது. கனடா, லண்டன், சுவிஸ் என்று வந்து நிறைவார்கள். ஆளுக்கு இரண்டு போன், பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ரப்லெட். அந்தத் தங்குமிடத்தில் ஒரு மண்டபமும் உண்டு. திடீரென்று வைஃபை பற்றி முறைப்பாடு வரத் தொடங்கியது. புதினம் என்னவென்றால், முதல் நாள் வந்து தங்கியவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அன்று வந்து இறங்கியவர்களுக்குத்தான் வைஃபை பிடிக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது.

தங்குமிடக்காரர் வழக்கப்படி இணைய இணைப்புக் கொடுத்த கம்பனிக்கு அடித்தார். அவர்களுடைய ஆள் வந்து, ஃபைபர் பெட்டியில் தன் லப்டொப்பை நேராகச் செருகி, வேகம் அளந்து, "எங்கட பக்கம் ஒரு பிழையும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது சரிதான். பிறகு ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். மாற்றமில்லை. இரண்டாவது இணைப்பு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கொக்குவில் தம்பியை அனுப்பினார்கள்.

அவர் செய்த முதல் வேலை தன் லப்டொப்பை வைஃபையில் இணைத்து, வலையில் அதற்குக் கிடைத்த எண்ணை, அதாவது ஐபி முகவரியை, பார்த்தது. 169.254 என்று தொடங்கியது. முகவரி கொடுக்க வேண்டிய இடத்திலிருந்து பதில் வராதபோது கணினி தானாகவே போட்டுக்கொள்ளும் முகவரி அது. அடுத்ததாக, ஒரு முகவரியைக் கையாலேயே எழுதிப் போட்டார். உடனே இணையம் ஓடியது. ஆகவே கேபிளிலும் வைஃபையிலும் ஃபைபரிலும் பிழையில்லை. ரவுட்டரில் முகவரி பங்கிடும் டிஎச்சிபிதான் குற்றவாளி. ஏணி ஏறாமல், ஒரு திருகாணி கழற்றாமல், ஐந்தாறு நிமிடத்தில் வந்த முடிவு இது. பாடத்தில் கேட்டுக் கேட்டு மனதில் ஊறிய ஒழுங்கு: கீழிருந்து மேலாக, ஒவ்வொரு அடுக்காகச் சந்தேகத்தை நீக்கிக்கொண்டு போவது.

ஆனால் அந்த ரவுட்டர் மைக்ரோடிக். லத்வியாவில் செய்யப்படுவது, விலை குறைவு, யாழ்ப்பாணத்துத் தங்குமிடங்களிலும் சிறு அலுவலகங்களிலும் அடிக்கடி காண்பது. சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் அதன் பெயரே வராது. சிஸ்கோ கட்டளைகளைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய தம்பி, மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் திரையைத் திறந்துவிட்டு எந்தப் பட்டியலுக்குள் போவது என்று தெரியாமல் நின்றார். அப்போதுதான் சாவகச்சேரிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தனியாக ஓடியாடி வேலை செய்பவர். சிசிரிவி கேபிள் இழுப்பதில் தொடங்கி, மைக்ரோடிக்கைக் கையாலேயே பழகியவர். அந்த நேரம் அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை.

வின்பாக்ஸில் ரவுட்டர் நடந்தவற்றைக் குறித்து வைக்கும் பக்கத்தைத் திறந்தவுடன் விடை அங்கே எழுதியே இருந்தது: முகவரித் தொகுப்பு காலி. இவ்வளவு நாளும் அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை! 192.168.88.10 முதல் 254 வரை 245 முகவரிகள். முன்பு அமைத்தவர் ஒரு முகவரியை எடுத்தால் மூன்று நாள் வைத்திருக்கலாம் என்று விட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனவரின் போனுக்கும் மூன்று நாள். போதாக்குறைக்கு ஒவ்வொரு மாடிக்கும் வேறு வேறு வைஃபை பெயர். இப்போதைய போன்கள், ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகும் ஐஓஎஸ் 14க்குப் பிறகும் வந்தவை, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒவ்வொரு போலி மேக் முகவரியை (சாதன அடையாள எண்ணை) காட்டும். ஒரே போன் மண்டபத்தில் ஒன்று, இரண்டாம் மாடியில் இன்னொன்று என்று வேறு ஆளாக வந்து நிற்கும், இரண்டு முகவரி எடுத்துக்கொள்ளும். ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, மைக்ரோடிக் கொடுத்த முகவரிகளின் பட்டியலைச் சேமித்து வைத்துக்கொள்ளும்.

பழைய முகவரிப் பதிவுகளை அழித்தார்கள். மூன்று நாளை ஒரு மணித்தியாலமாக்கினார்கள். மாடிகளுக்கெல்லாம் ஒரே வைஃபை பெயர். பிறகு வலையின் அளவை /24இலிருந்து அடுத்த பெரிய அளவான /23 ஆக்கினார்கள். 254 சாதனங்களுக்குப் பதிலாக 510க்கு இடம். எல்லாம் சாவகச்சேரிக்காரரின் கைவேகத்தில் நடந்தது.

கதை இங்கே முடியவில்லை. அடுத்த நாள் மதியம், சைவச் சாப்பாட்டுக் கூட்டம் உச்சத்தில் நிற்கும்போது, பில் போடும் கணினியிலிருந்து சமையலறைப் பிரிண்டருக்கு ஓடர் போகவில்லை. சாவகச்சேரிக்காரர் கேபிளை மாற்றினார், பிரிண்டரை மாற்றப் பார்த்தார். கொக்குவில் தம்பி போனிலேயே கேட்டார்: "அண்ணை, பிரிண்டருக்கு முகவரி கையால போட்டதோ? மாஸ்க் என்ன?" மாஸ்க் என்பது எந்த முகவரிகள் தன் வலைக்குள் இருக்கின்றன என்று சாதனத்துக்குச் சொல்லும் எண். பிரிண்டரில் 192.168.88.5, மாஸ்க் பழைய 255.255.255.0, வெளி வலைக்கு வழிகாட்டும் கேட்வே போடவே இல்லை. பில் கணினிக்கோ புதிய பாதியிலிருந்து 89இல் தொடங்கும் ஒரு முகவரி போயிருந்தது. கணினிக்குப் பிரிண்டர் பக்கத்து வீடு. பிரிண்டருக்குக் கணினி வேறு ஊர், அந்த ஊருக்கு வழியும் தெரியாது. மாஸ்கை 255.255.254.0 என்று மாற்றியதும் சமையலறையில் கடதாசி ஓடியது.

இந்தச் சம்பவத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சான்றிதழை எதிர்ப்பவர்கள் நடுப்பகுதியையும் ஆதரிப்பவர்கள் கடைசிப் பகுதியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விருந்தினர் வலையையும் அலுவலக வலையையும் விலான் என்ற தடுப்புப் போட்டுத் தனித்தனி வலைகளாகப் பிரித்திருந்தால் பிரிண்டர் பிரச்சினை வந்திருக்கவே மாட்டாது என்று கொக்குவில் தம்பி அன்றே சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அங்கே இருந்த ஸ்விட்ச்கள் விலான் தெரியாத மலிவுப் பெட்டிகள். "திருவிழா முடியட்டும், பாப்பம்" என்றார் தங்குமிடக்காரர். திருவிழா முடிந்தது, பார்க்கவில்லை.

இங்கே ஏன் கேட்பதில்லை, அங்கே ஏன் கேட்கிறார்கள்

அந்த மூன்று ஆண்டில் ஒருவரும் சான்றிதழ் கேட்காததற்குக் காரணம் யாழ்ப்பாணத்து முதலாளிமாரின் அறியாமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வங்கி, காப்புறுதி, சுப்பர்மார்க்கெட் ஆகியவற்றின் யாழ் கிளைகளில் ரவுட்டர் இருக்கும், ஆனால் அதை அமைப்பவரும் கண்காணிப்பவரும் பெரும்பாலும் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருப்பார்கள். இங்கே தேவைப்படுவது பெட்டியைச் செருகி, போனில் அவர்கள் சொல்வதைச் செய்யும் ஒரு கை. மென்பொருள் கம்பனிகள் தங்கள் சேவையகங்களை மேகக்கணினியில் வைத்திருக்கின்றன. மிஞ்சுவது தங்குமிடங்கள், தனியார் வைத்தியசாலைகள், பாடசாலைகள், கடைகள். அவர்களுக்கு இன்று வைஃபை ஓட வேண்டும், அவ்வளவுதான். ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் முறை தெரிந்தவருக்கு அவர்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?

கொழும்பிலும் வளைகுடாவிலும் கேட்பதற்குக் காரணம் அங்குள்ளவர்கள் அறிவாளிகள் என்பதல்ல. நெட்வொர்க் சாதனங்களை விற்றுப் பூட்டிக்கொடுக்கும் பெரிய கம்பனிகள் சிஸ்கோ போன்றவற்றின் பங்காளிகளாகப் பதிந்திருக்கும். எந்தத் தரத்துப் பங்காளி என்பதில் சான்றிதழ் பெற்ற ஊழியர்களின் எண்ணிக்கைக்கு நீண்டகாலமாகவே இடமுண்டு. தரம் உயர்ந்தால் சாதனங்களுக்குக் கிடைக்கும் விலைக்கழிவும் கூடும். அதோடு, அரச நிறுவனமோ வங்கியோ கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரும்போது, வேலைக்கு வரப்போகும் பொறியியலாளர்களின் சுயவிபரமும் சான்றிதழ்ப் பிரதியும் இணைக்கச் சொல்வார்கள். அதாவது உங்கள் சிசிஎன்ஏ உங்களுக்கு முன்னர் உங்கள் முதலாளிக்குப் பயன்படுகிறது. காலாவதியான பிரதி அந்தக் கோப்பில் செல்லாது. கட்டார் முகவர் ஏன் 'இல்லை' என்று குறித்தார் என்பதற்கு விடை இதுதான். அவருக்குத் தம்பியின் அறிவைப் பற்றிச் சந்தேகமில்லை. கோப்பில் வைக்க ஒரு செல்லுபடியான தாள் வேண்டும்.

இன்னும் இரண்டு இடத்தில் சிசிஎன்ஏயை நம்பி ஏமாறுகிறார்கள். ஒன்று அரச வேலை. அங்கே பட்டம், டிப்ளோமா, என்விகியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம், போட்டிப் பரீட்சை என்று வேறு ஏணி. என்விகியூ 5 உள்ளவர் சிசிஎன்ஏ மட்டும் உள்ளவரைத் தாண்டிப் போவார். இரண்டாவது கனடா. விரைவு நுழைவு (எக்ஸ்பிரஸ் என்ட்ரி) குடியேற்ற முறையில் கல்விக்குப் புள்ளி கொடுப்பது பாடசாலை, கல்லூரி, பல்கலைக்கழகத் தகுதிகளை மதிப்பிட்டு. சிசிஎன்ஏக்கு அங்கே ஒரு புள்ளியும் இல்லை. கனடா போன பிறகு வேலை தேடும்போது உதவும், அது வேறு கதை. "கனடாவுக்கு அப்ளை பண்ணத்தான் பிள்ளை சிசிஎன்ஏ செய்யுது" என்று சொல்லும் அம்மாமாருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பட்டதாரிகளின் கணக்கும் வேறு. மானிப்பாயைச் சேர்ந்த ஒரு பிள்ளை கணினி விஞ்ஞானப் பட்டத்தோடு தொலைத்தொடர்புக் கம்பனி ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சான்றிதழ் எதுவும் இல்லை. பிறகு கம்பனியே காசு கட்டி எழுதவைத்தது. பட்டம் ஏற்கெனவே கதவைத் திறந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் காசைப் போடாதீர்கள், கம்பனி போடும் வரை பொறுங்கள்.

சாவகச்சேரிக்காரர் செய்தது

பிரிண்டர் சம்பவத்துக்குப் பிறகு அவருக்கு மனதில் ஏதோ குத்தியது. மாஸ்க் என்றால் என்னவென்று அதுவரை தெரியாமல்தான் எண்ணை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாராம். படிக்கத் தொடங்கினார், ஆனால் பரீட்சைக்குப் பதியவில்லை. பகலில் வேலை, இரவில் யூடியூப்பும் பக்கெட் ட்ரேசரும். ஸ்பானிங் ட்ரீ, ஏசிஎல், ஓஎஸ்பிஎஃப் என்று யாழ்ப்பாணத்தில் தான் ஒருநாளும் தொடாதவற்றை ஒரு வருடத்துக்கு மேல் படித்தார். 2024 ஓகஸ்டில் சிஸ்கோ பாடத்திட்டத்தைப் புதுப்பித்து 1.1 பதிப்பை விட்டபோது, சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பகுதியைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார். பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. மொத்தப் பாடத்தில் ஐபி இணைப்புக்கே 25 வீதம். செயற்கை நுண்ணறிவு அடங்கும் தன்னியக்கமாக்கல் பகுதி முழுவதும் சேர்ந்தே 10 வீதம்.

கொழும்புக்குப் போவது என்று வீட்டில் முடிவான பிறகுதான் பதிந்தார். டொலர் அப்போது 300க்குக் கிட்ட. ஏறத்தாழ 90,000 ரூபாய். சித்தி வந்த கிழமையே விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கினார். சாதனங்கள் பூட்டிக்கொடுக்கும் ஒரு கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. நேர்முகத்தில் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதன் வேலை அழைப்பு வருவதோடு முடிந்துவிட்டது. கேட்டது, "நீங்களாகக் கண்டுபிடித்துத் தீர்த்த ஒரு கோளாறைச் சொல்லுங்கள்" என்று. நல்லூர்க் கதையைச் சொன்னார். மாஸ்கைக் கண்டுபிடித்தது வேறு ஆள் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாராம். அந்த நேர்மை வேலை வாங்கித் தந்ததா இல்லையா தெரியாது, எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கேதான் டம்ப் வாங்கிப் படிப்பவர்கள் விழுகிறார்கள். பழைய கேள்விகளும் விடைகளும் அடங்கிய கோப்புகள் வட்ஸ்அப்பில் சில ஆயிரம் ரூபாய்க்கு உலவுகின்றன. பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழைப் பறிக்கும், இனி எழுதவும் விடாது. பிடிபடாவிட்டாலும், "ஒரு கோளாறைச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு எந்தக் கோப்பிலும் விடை இல்லை. அந்த 300 டொலர் அழைப்பு வரை கொண்டுபோய் நடுவழியில் இறக்கிவிடும்.

மற்றச் சான்றிதழ்களைப் பற்றி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனச் சாதனத்தையும் சாராதது, அடிப்படைக்கு நல்லது, ஆனால் எங்கள் பக்கத்து விளம்பரங்களில் சிசிஎன்ஏ அளவுக்கு அதன் பெயர் வருவதில்லை. சிஸ்கோவைப் போன்ற இன்னொரு சாதன நிறுவனமான ஜூனிப்பரின் தொடக்கநிலைப் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம், தேர்வில் தேறினால் பரீட்சைக் கட்டணத்திலும் பெரிய கழிவு உண்டு. காசு இல்லாத பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும். ஆசிய-பசிபிக் இணைய முகவரிப் பதிவகமான ஏபிநிக்கின் அக்கடமியில் உள்ள பாடங்களும் இணைய ஆய்வுகூடங்களும் இலவசம். மைக்ரோடிக்கின் எம்டிசிஎன்ஏ சான்றிதழ் பயிற்சி வகுப்போடு சேர்ந்து வருவது, வகுப்பு முடிவில் பரீட்சை, 60 வீதம் எடுத்தால் சித்தி. யாழ்ப்பாணத்திலேயே இருந்து தொழில் செய்யப்போகிறவருக்குச் சிசிஎன்ஏயைவிட இதுதான் நாளாந்தம் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். பெரும்பாலான ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கொக்குவில் தம்பியின் பதில்

என் முடிவை அவரிடமே சொன்னேன். 2022இல் படித்திருக்கலாம், பரீட்சையை 2025இல் எழுதியிருக்கலாம் என்று. அவர் உடன்படவில்லை.

"காசு கட்டியிராட்டி நான் படிச்சிருக்க மாட்டன் அண்ணை. மாமா கட்டினது எண்ட பயத்திலதான் முழுக்கப் படிச்சன். சாவகச்சேரி அண்ணை மாதிரித் திகதி இல்லாமப் படிக்க எல்லாராலையும் ஏலாது."

இதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. வேலையோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களை நானே பலரைப் பார்த்திருக்கிறேன். திகதி குறிக்காமல் படித்து முடிப்பவர்கள் குறைவு. ஆனால் அவர் தவறவிட்டது இன்னொன்று இருக்கிறது. சான்றிதழை உயிரோடு வைத்திருக்க மறுபடியும் 300 டொலர் கட்ட வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் 30 தொடர்கல்விப் புள்ளி சேர்த்தாலே போதும். சிஸ்கோவே அவ்வப்போது சில பாடநெறிகளை இலவசமாகத் திறந்துவிடும், அவற்றை முடித்தால் புள்ளி கிடைக்கும். ஏணியும் கேபிளுமாக ஓடிய மூன்று ஆண்டில் அந்த மின்னஞ்சல்களை அவர் திறக்கவேயில்லை. இங்கே ஒருவரும் கேட்காத ஒன்றைப் புதுப்பிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இப்போது அவர் முன் இருக்கும் தெரிவு சுவாரசியமானது. முகவர் சிசிஎன்ஏயை மீண்டும் எழுதச் சொல்கிறார். காலாவதியானதால் முழுப் பரீட்சை, மறுபடி 300 டொலர். நான் வேண்டாம் என்கிறேன். 2020 பெப்ரவரியில் சிஸ்கோ தன் முறையை மாற்றியபோது, மேல்மட்டமான சிசிஎன்பிக்கு சிசிஎன்ஏ இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. அதன் மையப் பரீட்சை 350-401க்கு 400 டொலர். அதில் மட்டும் தேறினாலே ஒரு நிபுணத்துவச் சான்றிதழ் கையில் வரும். பிறகு 300 டொலரில் ஒரு சிறப்புப் பாடம் எழுதினால் சிசிஎன்பி முழுமையாகும். மூன்று ஆண்டு கைப்பழக்கமும், இன்னும் மறக்காத அடிப்படையும் உள்ளவருக்கு 100 டொலர் கூடக் கொடுத்து ஒரு படி மேலே போவதுதான் கணக்கு.

முகவருக்கு இந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. அவருடைய படிவத்தில் சிசிஎன்ஏ என்றுதான் அச்சடித்திருக்கிறதாம். தம்பி வேறு முகவர் பார்க்கிறார், மையப் பரீட்சைக்குப் புத்தகம் திறந்துவிட்டார், திகதி இன்னும் குறிக்கவில்லை. திகதியைக் குறித்துவிடச் சொல்லி வற்புறுத்துவது இப்போது நான்தான்.